பொருளாதாரச் சோதனைச்சாலை

(வல்லத்தில் பேசியது)



இன்று இங்கு நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், சர்க்காரின் பொருளாதாரக் கொள்கைகளை ஆராய்ந்து பார்க்கும் வித்தையை எங்கே கற்பது, எப்படிக் கற்பது என்பதாகும். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்கு, "இது பட்டணத்துக் கலாசாலைப் பிள்ளைகளிடம் பேச வேண்டிய பேச்சாயிற்றே, மணிலாக்கொட்டை பறித்து மூட்டை கட்டுகிற நமக்கு இதில் என்ன வேலை?" என்று தோன்றக்கூடும். அப்படித் தோன்றினால் அது உங்கள் குற்றமல்ல. அந்த வித்தை உங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று இதுவரை உங்களை நினைக்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நடப்பு என்ன? ஒரு வரி போட்டால் அதில் பெரும்பங்கு சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் சாமான் வாங்குகிறவன் தலையில் விழுகிறது. நெல்லுக்கு ஒரு விலை நிர்ணயித்தால் அது விவசாயி வீட்டு அடுப்பு வரையில் வந்து எட்டுகிறது. ஏரி மராமத்துக்குப் பணம் ஒதுக்காவிட்டால் கடைமடைக்காரன் வயல் காய்கிறது. காரியத்தின் பலன் நம்முடையதாகவும், அதைப் பற்றிய விசாரணை மாத்திரம் வேறொருவருடையதாகவும் இருப்பது என்ன நியாயம்? ஆகவே இந்த வித்தை யாருக்காவது அவசியம் என்றால், அது உங்களுக்குத்தான் முதலில் அவசியம் என்று சொல்லுவோம்.

தலையெழுத்தும் கணக்கும்

ஒருவன் ஏன் ஏழையாயிருக்கிறான் என்று கேட்டால், நம் நாட்டில் நெடுங்காலமாகச் சொல்லி வந்த பதில், "அது அவன் தலையெழுத்து, முன்ஜென்மத்துக் கர்மம்" என்பதாகும். இந்தப் பதிலில் சொல்லுகிறவனுக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. என்னவென்றால், இதை யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது. முன்ஜென்மத்துக் கணக்குப் புஸ்தகத்தை எவன் போய்ப் புரட்டிப் பார்ப்பது? சோதிக்க முடியாத பதில், கேட்டவன் வாயை மூடுவதற்கு ஆகுமே தவிர அறிவுக்கு ஆகாது.

மேல்நாட்டில் மாத்திரம் என்ன வாழ்ந்தது என்று கேட்பீர்கள். அங்கும் பணக்காரர்கள், "ஏழை சோம்பேறி, குடிகாரன், அதனால்தான் கஷ்டப்படுகிறான்" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். 1899ஆம் வருஷத்தில் ரவுண்ட்ரீ என்பவர் இங்கிலாந்தில் யார்க் என்னும் ஊரில் தொழிலாளர் வீடுகளை எல்லாம் வீடுவீடாக விசாரிக்கச் செய்தார். அவர் கோகோ உற்பத்தி செய்யும் முதலாளி குடும்பத்தைச் சேர்ந்தவரே. 11,560 குடும்பங்களைக் கணக்கெடுத்து, ஒரு குடும்பம் உடலில் வலுவோடு வாழக் குறைந்தபட்சம் என்ன செலவாகும் என்றும் கணக்கிட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த ஊர் ஜனங்களில் 100க்குச் சுமார் 28 பேர் வறுமையில் இருப்பதாகத் தெரிந்தது. எவ்வளவு சிக்கனமாயிருந்தாலும் வருமானமே போதாது என்ற நிலையில் இருந்தவர்களை மாத்திரம் தனியாகப் பிரித்து, அதற்குக் காரணம் என்ன என்று பார்த்தார். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் காரணம் சோம்பலுமல்ல, குடியுமல்ல. குடும்பத் தலைவன் தினந்தோறும் தவறாமல் வேலைக்குப் போயும் கூலி போதவில்லை என்பதே காரணம்! 1901இல் இது புஸ்தகமாக வெளிவந்தது. அதற்குப் பிறகு, "ஏழை உழைக்கவில்லை" என்று சொல்ல வாயெடுத்தவர்கள் கொஞ்சம் யோசித்துப் பேச வேண்டியதாயிற்று. ஆயிரம் உபந்நியாசம் செய்ய முடியாத காரியத்தை ஒரு கணக்குச் செய்தது.

ஸ்லேட்டர் செய்த காரியம்

ரசாயனம் படிக்கிற பையனைப் பார்த்து, "புஸ்தகத்தை உருப்போட்டுவிட்டு வா, அதுபோதும்" என்று எந்தக் கலாசாலையும் சொல்லுவதில்லை. சோதனைச்சாலைக்குப் போ, திராவகத்தை ஊற்று, நிறம் மாறுகிறதா என்று உன் கண்ணால் பார், தராசில் நிறுத்து எழுது என்றுதான் சொல்லுகிறார்கள். பயிர்த்தொழில் படிக்கிறவனைச் சேற்றில் இறக்குகிறார்கள். வைத்தியம் படிக்கிறவனைப் பிணத்தை அறுக்கச் சொல்லுகிறார்கள். ஆனால் பொருளாதாரம் படிக்கிற பையன் மாத்திரம் ஒரு படி நெல்லைக் கையால் தொடாமல், ஒரு கூலிக்காரனோடு ஐந்து நிமிஷம் பேசாமல், பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கிவிடலாம். அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லுகிற புரோகிதனுக்கும், விலைவாசியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுச் சந்தைக்கே போகாத பட்டதாரிக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

இந்தக் குறையைப் போக்குவதற்கு நம் நாட்டில் நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் காரியம் செய்திருக்கிறார். அவர் பெயர் கில்பர்ட் ஸ்லேட்டர். ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்கள் படிப்பதற்காக ஏற்பட்ட ரஸ்கின் கலாசாலையில் தலைவராயிருந்தவர். 1915இல் சென்னைச் சர்வகலாசாலைக்கு இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். அவர் ஒரு கேள்விப் பட்டியலைத் தயாரித்து மாணவர்கள் கையில் கொடுத்து, "லீவு நாளில் உங்கள் ஊருக்குப் போய், நிலம் யாரிடம் எவ்வளவு இருக்கிறது, குத்தகை எப்படி, கூலி என்ன, கடன் எவ்வளவு, வட்டி என்ன, என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பினார். அப்படி எழுதி வந்தவைகளைத் திரட்டி 1918இல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற கருத்துடைய பெயரில் இங்கிலீஷில் புஸ்தகமாக வெளியிட்டார். சென்னைச் சர்வகலாசாலையின் பொருளாதார ஆராய்ச்சி வரிசையில் அதுவே முதல் புஸ்தகம்.

அதாவது, கிராமத்தையே சோதனைச்சாலையாக்கினார் என்று சொல்லலாம்.

ஆனால் அந்தச் சோதனைச்சாலைக்குள் நுழையும் பாக்கியம் அன்று யாருக்கு இருந்தது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. 1914ஆம் வருஷத்தில் சென்னைச் சர்வகலாசாலையில் பதிவு செய்துகொண்ட பட்டதாரிகள் 650 பேர். அவர்களில் பார்ப்பனர் 452 பேர். பார்ப்பனரல்லாத இந்துக்கள் 124 பேர். மற்றவர்கள் 74 பேர். படிப்பின் நிலை இப்படி இருந்த காலத்தில், கிராமத்தைக் கணக்கெடுக்கப் போன பையன் பெரும்பாலும் மேல்தெருவிலிருந்து சேரியைப் பார்த்தவனாகத்தானே இருக்க முடியும்? சேரியில் பிறந்த பையன் தன் தகப்பன் வாங்கிய கூலியைத் தானே எழுதும் நிலை அன்று இல்லை. அவர்கள் எழுதியது பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. எந்த இடத்தில் நின்று பார்க்கிறோமோ அந்த இடத்திலிருந்து தெரிவதுதான் தெரியும் என்று மாத்திரமே சொல்லுகிறோம்.

இருவேல்பட்டு

அந்தப் புஸ்தகத்தில் வரும் ஊர்களில் ஒன்று நம் விழுப்புரம் ஜில்லாவிலேயே திருச்சி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற இருவேல்பட்டு. அன்று அது தென்னார்க்காடு ஜில்லா. ஸ்லேட்டரின் மாணவர்கள் 1916இல் விசாரித்தபோது, அந்த ஊரில் ஒரு பெரிய நிலச்சுவான்தார் குடும்பத்தின் ஆதிக்கம் ஓங்கி இருந்தது. நிலத்தில் வேலை செய்தவர்களில் படியாள் என்று ஒரு வகுப்பார் இருந்தார்கள். படியாள் என்றால் யார்? தான் வாங்கிய கடனுக்கோ, தன் பாட்டன் வாங்கிய கடனுக்கோ ஈடாகத் தன் உழைப்பை எழுதிக் கொடுத்தவன். கலியாணத்துக்கென்று கடன் வாங்குவான்; அந்தக் கடன் அடைபடாது; தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும். எஜமான் நிலத்தை விற்றாலோ, இறந்துபோனாலோ, நிலத்தோடு படியாளும் அடுத்தவனுக்கு மாறுவான். மாட்டைப் போலக் கைமாறினான் என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன பெயர் சொல்லுவது?

இந்த ஊரைப் பற்றிய விசேஷம் என்னவென்றால், ஒரு தடவை கணக்கெடுத்ததோடு விட்டுவிடவில்லை. 1936-37இல் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியவர்கள் முன்னின்று சர்வகலாசாலை மாணவர்களைக் கொண்டு அதே ஊர்களை மறுபடியும் விசாரிக்கச் செய்து 1940இல் வெளியிட்டார்கள். பிறகு 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் என்னும் அம்மையார் ஸ்லேட்டர் கிராமங்களை ஆராய்ந்தார். 1980களின் தொடக்கத்தில், தமிழ்நாடு சர்க்காரில் நிதித்துறைச் செயலாளராக இருந்து பிறகு சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்த எஸ். குகன், ஜோன் மெஞ்சர் என்னும் அம்மையாரோடு சேர்ந்து இருவேல்பட்டை ஆராய்ந்தார். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகிய மூவரும் மறுபடியும் அங்கே போனார்கள். அவர்கள் கண்டது 2010இல் வெளிவந்தது. இவர்களில் ஜெயரஞ்சன் 2021இல் தமிழ்நாடு மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவராக நியமிக்கப்பட்டார். ஒருவர் கஜானாவிலிருந்து கிராமத்துக்கு வந்தார். மற்றொருவர் கிராமத்திலிருந்து திட்டக் குழுவுக்குப் போனார்.

சுமார் தொண்ணூறு வருஷங்களுக்கு ஒரே ஊரின் கணக்கு கையில் இருந்தால் என்ன தெரியும்? நிலச்சுவான்தார் ஆதிக்கம் தளர்ந்ததும், படியாள் முறை ஒழிந்ததும், ஜனங்கள் விவசாயத்தை மாத்திரம் நம்பியிராமல் வெளிவேலைக்குப் போக ஆரம்பித்ததும், ரேஷன் அரிசி முதலிய சர்க்கார் உதவிகள் வந்த பிறகு கூலிக்காரனுக்கு எஜமானிடம் தலைகுனிய வேண்டிய அவசியம் குறைந்ததும் தெரிகின்றன. இதை எந்தச் சோதிடனாவது முன்னால் சொன்னானா? எந்தப் புராணத்திலாவது எழுதியிருந்ததா? கர்மம் என்றால் தொண்ணூறு வருஷத்தில் ஒரு ஊர்ச் சேரி முழுவதற்கும் எப்படி மாறும்? சட்டம், கூலி, படிப்பு, ரயில், சாலை, ஓட்டு, கிளர்ச்சி இவைகள் மாறின, வாழ்வும் மாறிற்று.

சராசரி என்னும் புரட்டு

இனி, கணக்கெடுக்கப் போகிறவன் ஏமாறாமல் இருக்க என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று பார்ப்போம்.

ஒரு ஊரில் 100 குடும்பம், 100 ஏக்கர் நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி போட்டால் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர். கேட்கிறவனுக்கு, "அட, எல்லோருக்கும் ஏதோ இருக்கிறதே" என்று தோன்றும். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால், ஒரு குடும்பத்துக்கு 60 ஏக்கர். 39 குடும்பத்துக்கு மீதி 40 ஏக்கர். 60 குடும்பத்துக்கு ஒரு குழி கூட இல்லை. சராசரி பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையை மறைத்துவிட்டது. ஆகவே சராசரியைச் சொல்லுகிறவனிடம், "யார் யாருக்கு எவ்வளவு?" என்று உடனே கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத கணக்கு கணக்கே அல்ல.

இரண்டாவது, குடும்பம் என்று எழுதினால் அதில் பெண் மறைந்துபோகிறாள். ஆணைக் கேட்டால், "என் சம்சாரத்துக்கு வேலையில்லை, வீட்டில் சும்மா இருக்கிறாள்" என்று சொல்லுகிறான். 2019இல் இந்திய சர்க்கார் நாடு முழுவதும் ஜனங்கள் நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. வீட்டு வேலை செய்கிறவர்களில், பெண் ஒரு நாளைக்கு 299 நிமிஷமும், ஆண் 97 நிமிஷமும் கூலியில்லாத அந்த வேலைக்குச் செலவிடுவதாகத் தெரிந்தது. சும்மா இருக்கிறவள் தினம் ஐந்து மணி நேரம் வேலை செய்கிறாள்! ஆகவே விசாரிக்கப் போகிறவன் பெண்ணைத் தனியே கேட்க வேண்டும். அதற்குப் பெண்களே விசாரிக்கப் போக வேண்டும்.

யாகமும் மழையும்

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. ஒரு ஊரில் மழைக்காக யாகம் செய்தார்கள். பத்தாம் நாள் மழை பெய்தது. யாகத்தால் மழை வந்தது என்று ஊரெல்லாம் சொன்னார்கள். ஆனால் யாகம் செய்யாத பக்கத்து ஊரிலும் அதே நாள் மழை பெய்ததே! அதை எவனும் போய்ப் பார்க்கவில்லை. பின்னால் நடந்தது எல்லாம் முன்னால் நடந்ததனால் நடந்தது என்று நினைப்பதுதான் மூடநம்பிக்கைக்கு வேர்.

இந்த மூடநம்பிக்கை கோவிலில் மாத்திரம் இல்லை; சர்க்கார் அறிக்கையிலும் இருக்கிறது. "நாங்கள் இந்தத் திட்டம் கொண்டுவந்தோம், அதற்குப் பிறகு விளைச்சல் பெருகிற்று" என்கிறார்கள். நல்ல மழையால் பெருகிற்றா, நல்ல விலையால் பெருகிற்றா, திட்டத்தால் பெருகிற்றா என்று எப்படித் தெரியும்? திட்டம் வராத பக்கத்து ஊரையும் பார்த்தால்தானே தெரியும்!

இதைச் சாஸ்திர ரீதியாகச் செய்வதற்கென்று 2003இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையில் வறுமையைப் பற்றி ஆராய ஒரு சோதனைச்சாலையே ஏற்படுத்தினார்கள். அதை ஏற்படுத்தியவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ என்ற இருவருக்கும், இதே முறையில் வேலை செய்த மைக்கேல் கிரெமர் என்பவருக்கும் 2019இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அங்கே கண்ணாடிக் குழாயும் திராவகமும் இல்லை. கிராமமும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியுமே சோதனைச்சாலை. அவர்கள் முறை மிக எளிது. நூறு ஊரை எடுத்துக்கொள். சீட்டுக் குலுக்கிப் பாதி ஊருக்குத் திட்டத்தைக் கொடு. மீதி ஊரை அப்படியே வைத்துப் பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் திட்டத்தின் பலன். சீட்டுக் குலுக்குவது ஏன் என்றால், எம்.எல்.ஏ.வுக்கு வேண்டிய ஊர், ஏற்கனவே நன்றாயிருக்கிற ஊர் என்று பொறுக்கி எடுத்து, பிறகு பலன் வந்ததாகக் காட்டாமல் இருப்பதற்காக.

நம் தமிழ்நாட்டிலேயே இவ்விதம் ஒரு சோதனை நடந்திருக்கிறது. நான்கு ஜில்லாக்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுப்படி பாதி இடங்களில் மாத்திரம், குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அரைநேர ஊழியர் ஒருவரைக் கூடுதலாக வைத்தார்கள். மற்றப் பாதியில் பழையபடி ஒரே ஊழியர் சோறும் பார்த்து, கணக்கும் எழுதி, பாடமும் சொன்னார். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது, கூடுதல் ஊழியர் வைத்த இடங்களில் பாடம் நடந்த நேரம் இரட்டித்திருந்தது. குழந்தைகள் எழுத்திலும் கணக்கிலும் மற்ற இடத்துக் குழந்தைகளைவிட முன்னேறியிருந்தார்கள். அங்கேயே தொடர்ந்து வந்த குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவும் கடுமையான ஊட்டக்குறைவும் குறைந்திருந்தன. செலவைவிடப் பலன் பல மடங்கு என்றும் கணக்கிட்டார்கள். கனிமியன், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ் ஆகிய மூவர் செய்த இந்த ஆராய்ச்சி 2021இல் வெளிவந்தது. இனி, "ஆயாவுக்கு ஒரு ஆள் போதாதா, இன்னொரு சம்பளம் எதற்கு?" என்று எவனாவது கேட்டால், அவனிடம் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. கணக்கை எடுத்துக் காட்டினால் போதும்.

இப்படிச் சிறிய இடத்தில் செய்து பார்த்து விரிப்பது நமக்குப் புதிதும் அல்ல. 1920இல் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி. தியாகராயர் காலத்தில் சென்னைக் கார்ப்பரேஷன், ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. பிறகு மற்றும் சில பள்ளிகளுக்கும் அதைப் பரப்பினார்கள். ஆரம்பக் கல்விப் பணத்தில் இந்தச் செலவு கூடாது என்று அன்றைய வெள்ளைக்கார சர்க்கார் ஆட்சேபித்ததால் 1925இல் நின்றது. ஆனால் கருத்துச் சாகவில்லை. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவாகவும், 1982இல் சத்துணவாகவும், 2022இல் காலை உணவாகவும் அது விரிந்தது.

எதைச் சோதிக்கக்கூடாது

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சோதனை சோதனை என்று எல்லாவற்றையும் சீட்டில் போட்டுவிடக்கூடாது. பொதுக்கிணற்றில் எல்லோரும் தண்ணீர் எடுக்கலாமா என்பது சோதித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயமல்ல. அது மனித உரிமை. பாதி ஊரில் தீண்டாமையை ஒழித்து, பாதி ஊரில் வைத்திருந்து, எதில் விளைச்சல் அதிகம் என்று பார்க்கிறேன் என்று ஒரு ஆராய்ச்சிக்காரன் வந்தால், அவனைத் திருப்பி அனுப்புங்கள். நியாயம் எது என்று தெரிந்த பிறகு, அதை எந்த வழியில் சீக்கிரம், சிக்கனமாக நடத்துவது என்பதற்குத்தான் சோதனை வேண்டும். ஜனங்கள் சோதனைச்சாலை எலிகள் அல்ல. என்ன செய்யப்போகிறோம், ஏன் செய்யப்போகிறோம் என்று சொல்லி அவர்கள் சம்மதத்தைப் பெற வேண்டும்.

யாரைப் பற்றிய புஸ்தகம், யாருக்குப் புஸ்தகம்?

தோழர்களே! இப்போது நாம் இவ்வளவு நேரம் சொல்லி வந்ததன் மையத்துக்கு வருகிறோம்.

இருவேல்பட்டுப் படியாளின் நிலைமை 1916இல் விசாரிக்கப்பட்டு 1918இல் அச்சாகிவிட்டது. ஆனால் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் இந்த நாட்டில் எப்போது வந்தது? 1976இல்! விசாரித்ததற்கும் சட்டத்துக்கும் நடுவில் 60 வருஷம். தாத்தா படியாளாயிருப்பதை எழுதி வைத்த புஸ்தகம் அலமாரியில் இருந்தபோதே, மகனும் பேரனும் கடனுக்கு உழைத்துக்கொண்டிருக்கலாம் அல்லவா?

இதற்குப் பல காரணம் உண்டு. அதில் ஒன்றை மாத்திரம் சொல்லுகிறோம். அந்தப் புஸ்தகம் இங்கிலீஷில் இருந்தது. எவனைப் பற்றி எழுதப்பட்டதோ அவனுக்கு எழுத்தே தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த மொழி தெரியாது. சமஸ்கிருதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, "இதில் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறது, ஆனால் நீ படிக்கக்கூடாது" என்று சொன்ன சாஸ்திரத்துக்கும், இங்கிலீஷில் எழுதி வைத்துக்கொண்டு, "இது உன் வறுமையைப் பற்றியது, ஆனால் உனக்குப் புரியாது" என்று சொல்லுகிற ஆராய்ச்சிக்கும், படியாளைப் பொறுத்தவரையில் பலன் ஒன்றுதான். எழுதியவர்கள் நோக்கம் நல்லதாயிருக்கலாம். ஆனால் நோக்கத்தைத் தின்று எவனும் பசியாற முடியாது.

2005இல் செய்யப்பட்ட நூறு நாள் வேலைச் சட்டம் ஒரு நல்ல காரியத்தை எழுதி வைத்தது. வேலைக் கணக்கையும் கூலிக் கணக்கையும் கிராம சபையில் வைத்து ஜனங்களே தணிக்கை செய்ய வேண்டும் என்றது. அது எங்கெங்கே ஒழுங்காக நடந்தது, எங்கெங்கே கையெழுத்தோடு முடிந்தது என்பது வேறு விஷயம். கணக்கு ஜனங்கள் முன்னிலையில் வாசிக்கப்பட வேண்டும் என்ற கொள்கை சட்டத்தில் ஏறிற்று என்பதுதான் முக்கியம். பொருளாதார ஆராய்ச்சிக்கும் இதே விதி இருக்க வேண்டும் என்பதுதான் நம் கட்சி.

நாம் செய்ய வேண்டியது

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சர்க்கார் கலைக் கலாசாலைகள் இருக்கின்றன. 1914இல் இருந்த நிலைமை இன்று இல்லை. குடியானவன் வீட்டுப் பிள்ளையும், சேரிப் பிள்ளையும், பெண் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். ஸ்லேட்டருக்குக் கிடைக்காத மாணவர்கள் இன்று நமக்குக் கிடைத்திருக்கிறார்கள். இவர்களுக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்க ஆக்ஸ்போர்டிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. இந்த வல்லம் பக்கத்து ஏரியும் களத்துமேடும் சந்தையும் போதும்.

ஒரு மூட்டை மணிலாவை எடுத்துக்கொள்ளட்டும். விதை விலை என்ன, உழவுக்கு என்ன, களையெடுத்த பெண்ணுக்கு என்ன கூலி, பறித்தவனுக்கு என்ன, வண்டி வாடகை என்ன, மண்டியில் எடை போட்டபோது எவ்வளவு கழித்தார்கள், கமிஷன் யார் கொடுத்தார்கள், கமிட்டியில் விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும், கடைசியில் எண்ணெயாகிக் கடைக்கு வந்தபோது விலை என்ன என்று அந்த மூட்டையின் பின்னாலேயே நடந்து போய் எழுதட்டும். ஒரு மாதம் இப்படி நடந்தவனுக்கு விலை என்றால் என்ன, இடைத்தரகு என்றால் என்ன, மானியம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பது ஆயுளுக்கும் மறக்காது.

எழுதியதைத் தமிழில் எழுதட்டும். எழுதி முடிந்தவுடன் பேராசிரியரிடம் மார்க்கு வாங்கிக்கொண்டு போய்விடாமல், அதே ஊர்க் கிராம சபையில் ஆள் பெயரைச் சொல்லாமல் தொகையை மாத்திரம் உரக்கப் படித்துக் காட்டட்டும். ஜனங்கள், "இது தப்பு, எங்கள் தெருவில் கூலி அவ்வளவு இல்லை" என்று சொன்னால், அங்கேயே திருத்திக்கொள்ளட்டும். அதைவிடப் பெரிய பரீட்சை எந்தச் சர்வகலாசாலையிலும் கிடையாது. பத்து வருஷம் கழித்து அடுத்த மாணவர்கள் அதே மூட்டையின் பின்னால் அதே வழியில் போய்ப் பார்க்கட்டும்.

தாய்மார்களுக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் கணக்கெடுக்க வந்தால் விரட்டாதீர்கள்; ஆனால் சும்மாவும் விடாதீர்கள். "எதற்கு எழுதுகிறாய், எழுதியதை எப்போது வந்து எங்களுக்குப் படித்துக் காட்டுவாய்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை 1916இல் இருவேல்பட்டுப் படியாள் கேட்டிருக்க முடியாது. நீங்கள் கேட்க முடியும்.

நாம் சொன்னதையும் சொன்னதற்காக நம்பிவிட வேண்டாம். உங்கள் தெருவில் பத்து வீட்டை எடுத்துக்கொண்டு, நிலம் எவ்வளவு, கடன் எவ்வளவு, ஆண் கூலி எவ்வளவு, பெண் கூலி எவ்வளவு என்று நீங்களே ஒரு நோட்டில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு, ஏழ்மை தலையெழுத்தா, அல்லது ஆட்கள் செய்த ஏற்பாடா என்று உங்களுக்கே தெரியும். ஆட்கள் செய்த ஏற்பாடு என்று தெரிந்துவிட்டால், அதை ஆட்களாகிய நாமே மாற்றலாம் என்பதும் கூடவே தெரியும்.